ஒற்றை ஆளுக்கு ஒரு தோட்டா பிரஸ்

விவாகரத்துப் பத்திரத்தில் யாருக்கு எது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். வீடும் நாயும் ஜனெலுக்கு. பிக்கப் வண்டியும் துப்பாக்கியும் ராய்ஸுக்கு. மாமனார் யாருக்கு என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அவர் அவளுடைய அப்பா.

ஜனெலோடு ராய்ஸுக்குப் பல வருஷமாகவே பேச்சு குறைந்துபோயிருந்தது. பிரிந்தபோது சண்டைகூடப் பெரிதாக வரவில்லை. வசந்த காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மரக்கடைக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்குப் பிடித்து, கோடை முழுக்க வீட்டு டேங்குகளுக்குக் காஸ் நிரப்பும் லாரி ஓட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் இருந்தான். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை லாரிக் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான், இன்னும் ஒரு மாதத்தில் மான் சீசன் தொடங்கிவிடும், தன்னிடம் ஒரு தோட்டாகூட இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

அவன் துப்பாக்கி பழைய 250 சாவேஜ். அதற்குக் கடையில் தோட்டா வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத்தான் எடுத்துவைத்து மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். வெடித்த கூடு உப்பியிருக்கும். அதை 'டை' என்ற எஃகு அச்சுக்குள் 'பிரஸ்' என்ற கைமெஷினால் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் புது பிரைமர் வைத்து, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்த வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்த வேலையெல்லாம் மாமனார் எம்மெட்டின் கராஜில்தான் நடந்தது. எம்மெட் பிரஸ்ஸின் கைப்பிடியில் நிற்பார். ராய்ஸ் இடது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தராசில் மருந்து அளப்பான். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போய்விடும்.

அவன் ஊரான கோல்பர்னில் இந்தச் சாமான்கள் கிடைப்பது ஒரே ஒரு கடையில். மாட்டுத் தீவனம், வேலிக் கம்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் துப்பாக்கிப் பகுதி. அங்கே மூன்று விதமான பிரஸ்கள் இருந்தன. அலுமினியத்தில் சின்னது ஒன்று. வார்ப்பிரும்பில் கனமானது ஒன்று. நாலு டைகளை ஒரே தலையில் மாட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொள்ளும்படி ஒன்று. ராய்ஸ் அவற்றின் முன்னால் நிற்பது அது முதல் தடவை இல்லை.

"என்ன ராய்ஸ், போன சனிக்கிழமை விட்ட இடத்துலேருந்து பாக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே டோரீன் வந்தாள். அந்தப் பகுதி அவள் பொறுப்பு. அறுபது வயதுக்காரி. ஊரில் யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது போலீஸைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சும்மா பாக்கறேன் டோரீன்."

"பாரு, பாரு. பாத்தா தேஞ்சா போயிடும்? டப்பா மேல எழுதியிருக்கறத இந்நேரம் மனப்பாடம் பண்ணியிருப்ப. ஏன், எம்மெட்டோட மெஷின் என்ன..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஊருக்கே தெரிந்த சமாசாரம் அவளுக்கும் தெரியும். வாய் முந்திக்கொண்டுவிட்டது. தூசி இல்லாத டப்பாவைத் துணியால் துடைத்தாள். "சரி, எத்தன பேருக்கு நிரப்பணும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப இந்தச் சுத்தற தலை உனக்கு எதுக்கு? அது அவசரக்காரனுக்கு. உனக்கு என்ன அவசரம்?"

அவள் வியாபாரத்துக்காகச் சொன்னதுதான். அவனுக்குக் குத்தியது.

"இந்தச் சின்னது?"

"அலுமினியமா? கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் போதும். ரைஃபிள் கூட்ட அழுத்தினா வளைஞ்சு குடுக்கும். ரெண்டு வருஷத்துல திரும்ப என்கிட்டயே வந்து நிப்ப. எனக்கு அதுல சந்தோஷம்தான்." வார்ப்பிரும்பு பிரஸ்ஸை ஒரு தட்டுத் தட்டினாள். "இத வாங்கு. உனக்கப்புறமும் கெடக்கும்."

"எனக்கப்புறம் யாருக்கு?"

டோரீன் துணியை மடித்து வைத்தாள். அவனுக்குக் குழந்தை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மேஜையில் பொருத்தி வைத்திருந்த மாதிரி பிரஸ்ஸின் கைப்பிடியை ராய்ஸ் கீழே இழுத்துப் பார்த்தான். கனமாக, வழுக்கிக்கொண்டு இறங்கியது. இத்தனை வருஷத்தில் எம்மெட்டின் பிரஸ்ஸை ஒரு தடவைகூட அவன் இழுத்ததில்லை. அது எம்மெட்டின் வேலை. மருந்து தன் வேலை. இனி இழுக்கிறவனும் அளக்கிறவனும் அவனேதான். ஒரு கையால் இழுத்துவிட்டுத் திரும்பினால் தராசு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், கூடுகளை எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் சரியாகப் பிடிபடவில்லை.

"இதையே குடுங்க. 250 சாவேஜுக்கு டை செட் ஒண்ணும்."

டோரீன் அலமாரியில் தேடினாள். கம்ப்யூட்டரில் தேடினாள். உதட்டைப் பிதுக்கினாள். "இல்லப்பா. அந்தக் கெழட்டுத் தோட்டாவுக்கு டை யாரு ஸ்டாக் வெக்கறா? ஆர்டர் போட்டா டிசம்பர்ல வரும்."

"டிசம்பர்ல சீசனே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். உன்னோட டை அங்கதானே இருக்கு? நீ காசு குடுத்து வாங்கினது. நான்தானே பில் போட்டேன்."

"ஆர்டர் போடுங்க டோரீன்."

"போய்க் கேட்டா என்ன? அவரென்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறாரு?"

"ஆர்டர் போடுங்க."

அவள் போட்டாள்.

வீட்டுக்காரம்மா சுவரிலோ மேஜையிலோ ஓட்டை போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். ராய்ஸ் தடித்த பலகை ஒன்றை வாங்கி, அதில் பிரஸ்ஸை முடுக்கி, பலகையைச் சமையலறை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினான். கைப்பிடியை இழுத்தால் மேஜையே முன்னங்கால் தூக்கியது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு உப்பு மூட்டைகளை ஏற்றி வைத்தான். அப்புறம் அசையவில்லை. சாப்பிடத்தான் இடமில்லாமல் போயிற்று. பாத்திரம் கழுவும் தொட்டியின் திண்டில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிடப் பழகிக்கொண்டான். வேலை முடிந்து வரும் மாலைகளில் வெறும் கைப்பிடியைச் சும்மா இழுத்து இழுத்துப் பார்ப்பான். டை இல்லாத பிரஸ் மேலும் கீழும் போய்வந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் லாரியில் இருந்தபோது ஆபீஸிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார்கள்.

"ராய்ஸ், எம்மெட் ஹாகன் போன் பண்ணாரு. டேங்க்ல காஸ் தீரப் போகுதாம், ஒடனே வேணுமாம். இன்னிக்கு உன்னோட ரூட்டு. வேணும்னா வேற ஆள அனுப்பவா?"

கோடையில் அந்தப் பக்கம் யாருக்கும் காஸ் தேவைப்படவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவன் அந்தச் சாலையில் திரும்பியதே கிடையாது. மைக்கை எடுத்தான்.

"வேணாம். நானே போறேன்."

எம்மெட்டின் வீடு ஊருக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் தனியாக நின்றது. வாசலில் ஜனெலின் கார் இல்லை. ராய்ஸ் லாரியை டேங்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, குழாயை இழுத்து வந்து, டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அளவு காட்டும் ஊசி நூற்றுக்கு எழுபத்திரண்டில் நின்றது. எண்பதுக்கு மேல் எந்த டேங்கையும் நிரப்பக் கூடாது. ஊசியையே பார்த்துக்கொண்டு அவன் நின்றிருந்தபோது பின்னால் சரளைக்கல் நெறிபடும் சத்தம் கேட்டது.

எம்மெட் தொப்பி இல்லாமல் வந்தார். எழுபத்தேழு வயது. முகம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது.

"என்ன காட்டுது?"

"எழுபத்திரண்டு."

"அப்படியா? அந்த ஊசி பொய் சொல்லும்."

"ஊசி நல்லாத்தான் இருக்கு எம்மெட்."

"இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வருதுன்னு ரேடியோல சொன்னான்," என்றார் எம்மெட். தூரத்து வயலைப் பார்த்தார். பிறகு, "டோரீன் சொன்னா," என்றார்.

"என்ன சொன்னா?"

"புது டைக்கு ஆர்டர் போட்டிருக்கியாமே. உன்னோடது இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப. உள்ள வா."

கராஜில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. ராய்ஸ் அறுத்துச் சேர்த்த மேஜை. எம்மெட்டின் பிரஸ். அதில் வேறொரு டை மாட்டியிருந்தது, பளபளவென்று புதுசாக. ஸ்டூலில் யாருடையதோ ஒரு சிவப்பு ஜாக்கெட் கிடந்தது.

ராய்ஸ் அதைப் பார்ப்பதை எம்மெட் பார்த்தார். "ட்ரெவரோடது. ஜனெலோட..." என்று இழுத்தார்.

"தெரியும்."

"நல்ல பையன்தான். வாய்தான் ஓயாது. மருந்து அளக்கறப்பகூடப் பேச்சு. எந்தக் கூட்டுல போட்டான், எதுல போடலன்னு எனக்கே குழம்பிப் போகுது."

"அளக்கறப்ப பேசக் கூடாதே. ரெண்டு மடங்கு விழுந்துட்டா கை போயிடும். நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஜனெல் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா." எம்மெட் மேல் அலமாரியிலிருந்து டை வைத்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மூடியில் அவர் கையெழுத்தில் ராய்ஸ் என்று எழுதியிருந்தது. மேலே தூசி இல்லை. "மார்ச்லயே ஜனெல் கேட்டா, ராய்ஸ் சாமான் ஏதாவது கெடக்கான்னு. ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"இருந்தா என்னிக்காவது வந்து கேப்பன்னு பாத்தேன்."

ராய்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டான். "நான் வந்து கேக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு கோடை முழுக்கப் பாத்தாச்சே. அதான் காஸுக்குப் போன் போட்டேன்."

ராய்ஸ் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். குளிர்பதனப் பெட்டி ஒன்று மூலையில் உறுமி ஓய்ந்தது.

"இந்த வருஷம் மேட்டுக்கு யாரோட போறீங்க?" என்று கேட்டான் ராய்ஸ். மேடு என்றால் எம்மெட்டின் நிலத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக் குன்று. அவர்கள் இருவரும் வருஷா வருஷம் சீசனின் முதல் நாள் விடியலில் போய் உட்காரும் இடம்.

"அவனோடதான். ஜனெல் கேட்டுக்கிட்டா. மாட்டேன்னு எப்படிப்பா சொல்றது? பொண்ணு."

"சொல்லக் கூடாதுதான்."

"நீ எங்க போவ?"

"தெக்கால அரசாங்க நிலம் இருக்கே. பாக்கணும்."

"அங்க கூட்டமா இருக்கும்."

"ஆமா."

வெளியே வந்து ராய்ஸ் குழாயை மாட்டினான். மீட்டர் ஓட ஆரம்பித்ததும் நின்றுவிட்டது போல இருந்தது. எண்பது.

"அவ்வளவுதானா?" என்றார் எம்மெட்.

"இதுக்கு மேல போடக் கூடாது."

"எதுவரைக்கும் தாங்கும்?"

"பிப்ரவரி வரைக்கும்."

"பிப்ரவரியா," என்றார் எம்மெட். தலையை ஆட்டிக்கொண்டார். ராய்ஸ் கை கொடுக்கலாமா என்று யோசித்தான். கையுறையெல்லாம் காஸ் நாற்றம். அதைக் கழற்றுவதற்குள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் டையைப் பிரஸ்ஸில் மாட்டினான். சேர்த்துவைத்திருந்த கூடுகளில் முதலாவதை வைத்துக் கைப்பிடியை இழுத்தான். கூடு பாதி உள்ளே போனதும் இறுகியது. இன்னும் பலமாக இழுத்தான். உப்பு மூட்டைகள் நகர்ந்தன. கூடு முழுக்க உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியை மேலே தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். 'டப்'பென்று ஒரு சத்தம். கூட்டின் விளிம்பு பிய்ந்து பிரஸ்ஸோடு வந்தது. கூடு மட்டும் டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

என்ன தப்பு என்று உடனே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எம்மெட்டின் கைகளை நினைத்துப் பார்த்தான். கூட்டை எடுப்பார், ஒரு பஞ்சுத் திண்டில் உருட்டுவார், பிறகுதான் பிரஸ்ஸில் வைப்பார். அந்தத் திண்டில் எண்ணெய் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், தன் தராசையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதை அவன் கவனித்ததே இல்லை.

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். அந்த நம்பர் விரலுக்கே தெரியும்.

"ஹலோ," என்றார் எம்மெட். பின்னால் தட்டுகளின் ஓசை. ஒரு ஆண் குரல் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஜனெலின் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து ராய்ஸ் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

எண்ணெயைப் பற்றிக் கேட்க வந்தவன் அதை விட்டுவிட்டான். "ராய்ஸ்தான் பேசறேன். டேங்க் சரியா இருக்கான்னு கேக்கத்தான்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தட்டுகளின் ஓசை அடங்கியது.

"நல்லாருக்கு," என்றார்.

"ஊசி?"

"ஊசியும் நல்லாருக்கு. எண்பதுலயே நிக்குது."

"அப்ப சரி."

"ராய்ஸ்."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. கறி ஆறிடும், போறேன்."

"போங்க, போங்க."

போனை வைத்தான். பிறகு பிக்கப்பிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து வந்தான். டையின் நடுத்தண்டைக் கழற்றினான். சிக்கிய கூட்டின் அடியில் துளை போட்டு, அதில் மரை வெட்டினான். ஒரு நீளமான போல்ட்டை ஏற்றி, இடையில் தடிப்பான வளையங்களை அடுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினான். அவசரப்பட்டால் டை கீறிப்போகும். ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். அவசரமில்லாமல் திருப்பினான். கடைசியில் கூடு கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்து மேஜையில் விழுந்து உருண்டது.

"வந்துடுச்சு!" என்று சத்தமாகச் சொன்னான். சொன்ன பிறகு யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் டோரீனிடம் தராசு, பிரைமர், மருந்து, குண்டோடு எண்ணெய் டப்பாவும் திண்டும் வாங்கினான். டை ஆர்டரை ரத்து செய்யச் சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டு ஆர்டரை அழித்துவிட்டாள். அந்த வாரம் மாலை நேரமெல்லாம் ஒவ்வொரு கூடாக உருட்டி, அழுத்தி, பிரைமர் வைத்து, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து மருந்து அளந்து, குண்டு பொருத்தினான். எம்மெட்டோடு இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை அவனுக்கு ஐந்து நாள் ஆயிற்று.

சீசன் தொடங்கிய சனிக்கிழமை, தெற்கே அரசாங்க நிலத்தின் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் மூன்று பேர், நாலு பேர். பிளாஸ்கில் காபி, ஒருவரையொருவர் கிண்டல் பண்ணும் சத்தம். ராய்ஸ் அவர்களை விட்டு விலகி, சாலையிலிருந்து வெகுதூரம் நடந்து, யாரும் வர விரும்பாத ஒரு செங்குத்தான ஓடைச் சரிவில் போய் உட்கார்ந்தான். பத்து மணி வாக்கில் எதிர்ச் சரிவில் ஒரு ஆண் மான் வந்து நின்றது. கொம்பு பெரிதில்லை. நல்ல கொழுத்த உடம்பு. துப்பாக்கியைத் தோளில் பொருத்தினான். ஒரே சூடு. மான் நாலடி நடந்து படுத்துவிட்டது.

துப்பாக்கியின் எதிரொலி அடங்கிய பிறகு பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பினான். புல்தான் அசைந்துகொண்டிருந்தது.

வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, கொம்பில் கயிறு கட்டி இழுத்தான். சரிவில் நாலடி இழுத்தால் இரண்டடி வழுக்கியது. மூச்சு வாங்கி உட்காருவான், மறுபடி இழுப்பான். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பின்கதவில் பலகையைச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக மானை ஏற்றினான்.

நெடுஞ்சாலையில் வனத்துறையின் சோதனைச் சாவடி. ஒரு இளம்பெண் டார்ச் அடித்து மானின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"மூணு வயசு. நல்லா இருக்கு. கூட வந்தவங்க இன்னொரு வண்டியில வர்றாங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான். தெக்கு ஓடைச் சரிவுல சுட்டது."

"தனியாவா ஏத்தினீங்க? அந்த ஓடையிலேருந்தா?"

"ஆமா. தோட்டாவும் நானே நிரப்பினதுதான்," என்றான் ராய்ஸ். காலையிலிருந்து அவன் யாரோடும் பேசியிருக்கவில்லை. ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "250 சாவேஜ். கடையில கெடைக்காது. பிரஸ் புதுசா வாங்கினேன், வார்ப்பிரும்பு. மொதல் கூடு டையில மாட்டிக்கிச்சு. எண்ணெய் போடணும்னு தெரியல. அப்புறம் மரை வெட்டி, போல்ட்ட போட்டு..."

அவள் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வெளில வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"டை கீறல?"

"ஒரு கீறல் இல்ல."

"அடேங்கப்பா," என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து விளக்குகள். "சரிங்க, பாத்துப் போங்க. ரோட்டுல பனி கட்டியிருக்கு."

ராய்ஸ் சாவடியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான். கண்ணாடியில் பார்த்தான். அவள் அடுத்த வண்டியின் மானுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து இறங்கிய நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். போனை எடுத்து எம்மெட்டின் பெயர் வரைக்கும் போனான். அவரும் மேட்டிலிருந்து இப்போதுதான் இறங்கியிருப்பார். ட்ரெவர் பக்கத்தில் இருப்பான், பேசிக்கொண்டிருப்பான். போனைக் குப்புற வைத்தான்.

குளிர் ஏறிக்கொண்டிருந்தது. மான் விறைத்து உறைவதற்குள் தோலை உரித்தாக வேண்டும். வண்டியை எடுத்தான்.